குத்தின் வேகமும் வெயிட்டும்: ஒரு பேக், ஒரு போன், ஒரு டேப் வைத்து அளப்பது எப்படி

வியாசர்பாடியிலோ ராயபுரத்திலோ ஒரு பாக்சிங் கிளப்புக்குள் கால் வைத்தால் முதலில் காதில் விழுவது பேக் அதிரும் சத்தம்தான். அந்தச் சத்தத்தை வைத்தே "இவன் கை வெயிட்டு" என்று பேர் கட்டிவிடுகிறோம். ஆனால் சத்தம் கிளவுஸின் தோலைப் பொறுத்தது, பேக்குக்குள் என்ன அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. தட்டையாக விழுந்த குத்துதான் அதிகமாகச் சத்தம் போடும். அது நல்ல குத்தாக இருக்க வேண்டும் என்பதில்லை. பேக் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பார்ப்பவர்களும் உண்டு. கையை ஒட்டவைத்துத் தள்ளினாலும் பேக் தூரமாகத்தான் போகும்.

அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்து யாருடைய கையையும் எடை போடாதீர்கள். கை என்ன வேகத்தில் வருகிறது, பேக்குக்கு எவ்வளவு உந்தம் (எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது) போய்ச் சேருகிறது, கிளவுஸ் பேக்கில் எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது ஆகிய மூன்றையும் ஒரே நாளில், ஒரே பேக்கில் எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த சென்சார் எதுவும் வேண்டாம். தொங்கும் பேக், ஸ்லோ மோஷன் எடுக்கும் ஒரு போன், தையல்காரர் டேப், ஒரு பலகை, ஒரு ஸ்பாஞ்ச் துண்டு இருந்தால் போதும்.

முதலில் பேக்கைத் தயார் செய்யுங்கள்

முக்கால்வாசித் தப்பு இங்கேதான் நடக்கிறது. எடை தெரியாத பேக்கில் எடுத்த அளவை வேறு பேக்கோடும் ஒப்பிட முடியாது, போன மாத அளவோடும் ஒப்பிட முடியாது. பேக்கை இறக்கி, பக்கத்துத் தெருவில் இருக்கும் பழைய பேப்பர் கடைக்கோ காயலாங்கடைக்கோ எடுத்துப் போய்த் தராசில் போடுங்கள். சங்கிலியைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள். பேக்கில் "40 கிலோ" என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம்.

மணல் மட்டும் அடைத்த பேக் இந்தச் சோதனைக்கு ஆகாது. கொஞ்ச நாளில் மணல் அடியில் இறங்கி, கீழ்ப்பாதி கல் மாதிரி ஆகிவிடும், மேல்பாதி தொளதொள என்று இருக்கும். பழைய துணியை உள்ளங்கை அளவு துண்டுகளாக வெட்டி, சுருட்டாமல் பரத்தி, அரை அடிக்கு ஒரு முறை கட்டையால் இடித்து இடித்து அடைக்க வேண்டும். எடை பத்தவில்லை என்றால் பாலித்தீன் பையில் மணல் கட்டி நடு அச்சில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் கை போய் அதில்தான் இடிக்கும்.

அடுத்து பேக்கின் எடை மையம். பேக்கைப் படுக்க வைத்து அடியில் ஓர் இரும்புப் பைப்பைக் குறுக்கே கொடுத்து உருட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடம்தான் மையம். அந்த இடத்தில் சுற்றிலும் வெள்ளை டேப் ஒட்டுங்கள். பேக்கின் சரிபாதியிலிருந்து அது ஒரு சாணுக்கு மேல் கீழே தள்ளி இருந்தால் உள்ளே சரக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிரித்து மறுபடி அடைக்காமல் சோதனையைத் தொடங்காதீர்கள்.

தொங்கவிடும்போது வெள்ளை டேப் அடிப்பவரின் தோள் உயரத்துக்கு வர வேண்டும். ஆளுக்கு ஆள் சங்கிலியை ஏற்றி இறக்கினால் கணக்கு மாறிவிடும். அதனால் குள்ளமானவருக்குக் காலடியில் உறுதியான பலகை மேடை போடுவது நல்லது.

கொக்கி மாட்டியிருக்கும் இடத்தையும் பாருங்கள். தகரக் கூரையைத் தாங்கும் மெல்லிய பைப்பில் மாட்டிய பேக்கை அடித்தால் பாதி அடியைப் பைப்பே வாங்கிக்கொள்ளும். ஒருவர் ஏணியில் ஏறி உத்திரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொள்ளட்டும், இன்னொருவர் ஓங்கி அடிக்கட்டும். லேசான நடுக்கம் என்றால் பரவாயில்லை. உத்திரமே போய் வருவது தெரிந்தால் அந்த இடம் சோதனைக்கு உதவாது. கான்கிரீட் கூரையில் போல்ட் போட்ட கொக்கி, இல்லாவிட்டால் கனமான இரும்பு கர்டர்தான் சரி.

பேக்கின் ஆட்டத்தை அளப்பது

இதைப் பொறுமையாகப் படியுங்கள். மொத்தச் சோதனையும் இதன் மேல்தான் நிற்கிறது.

தொங்கும் பேக் ஒரு பெரிய ஊசல். அடி விழுந்த கணத்தில் அது என்ன வேகத்தில் கிளம்பியது என்பதை, அது எவ்வளவு தூரம் போய் நின்றது என்பதிலிருந்து கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பேக்கின் ஆட்ட நேரம் தெரிய வேண்டும். பேக்கை ஒரு சாண் இழுத்து மெதுவாக விடுங்கள். போய்த் திரும்பி வந்தால் ஓர் ஆட்டம். 10 ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். கையை விடும்போது "சுழியம்" என்று சொல்லித் தொடங்க வேண்டும்; "ஒன்று" என்று தொடங்கினால் 9 ஆட்டத்தைத்தான் எண்ணியிருப்பீர்கள். மூன்று தடவை எடுத்துச் சராசரி போடுங்கள்.

ஓர் உதாரணம். பேக் 35 கிலோ, 1 மீட்டர் நீளம். கொக்கியிலிருந்து வெள்ளை டேப் வரை 1.5 மீட்டர், கொக்கியிலிருந்து பேக்கின் அடி வரை 2 மீட்டர். இந்தப் பேக் 10 ஆட்டத்துக்கு ஏறக்குறைய 25 நொடி எடுக்கும், அதாவது ஓர் ஆட்டத்துக்கு 2.5 நொடி. உங்கள் பேக் இந்த அளவில் இருந்தும் 20 நொடியோ 30 நொடியோ காட்டினால் எங்கோ எண்ணுவதில் பிசகு.

இனி பலகை. பேக்கின் அடிப்பக்கத்துக்குப் பின்னால், அடிப்பவருக்கு எதிர்ப்புறத்தில், இரண்டு ஸ்டூல் போட்டு அதன் மேல் நீளப் பலகையை வையுங்கள். பலகையின் மேல்பரப்பு பேக்கின் அடியை விட அரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். பலகையின் மேல் ஒரு கோணிச்சாக்கை இழுத்து ஆணி அடியுங்கள். அதன் மேல் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை நட்டமாக நிறுத்தி, பேக்கைத் தொட்டுக்கொண்டு இருக்கும்படி வையுங்கள். அடி விழுந்ததும் பேக் ஸ்பாஞ்சைத் தள்ளிக்கொண்டு போய், திரும்பும்போது அங்கேயே விட்டுவிட்டு வரும். ஸ்பாஞ்சு நகர்ந்த தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள்.

கோணிச்சாக்கு ஏன் என்றால், வழவழப்பான பலகையில் ஸ்பாஞ்சு தானாகவே வழுக்கிக்கொண்டு போய்விடும். கேரம் போர்டைக் கவிழ்த்து வைத்துச் செய்து பார்த்தால் இந்தத் தப்பு கண்ணெதிரே தெரியும். ஸ்பாஞ்சின் உயரம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஆடும்போது பேக்கின் அடி மேலே எழும்பும், 30 செ.மீ. போனால் இரண்டே கால் செ.மீ. உயரும். சின்னத் துண்டாக இருந்தால் பேக் அதைத் தாண்டிப் போய்விடும்.

பேக்கின் அடிப்பகுதி மையத்தை விட அதிக தூரம் போகும். அதனால் ஸ்பாஞ்சு நகர்ந்த தூரத்தை 1.5 ÷ 2, அதாவது 0.75 ஆல் பெருக்குங்கள். ஸ்பாஞ்சு 30 செ.மீ. போயிருந்தால் மையம் 22.5 செ.மீ. போயிருக்கிறது. பேக் கிளம்பிய வேகம்: 6.28 × தூரம் ÷ ஆட்ட நேரம். இங்கே 6.28 × 0.225 ÷ 2.5 = 0.565 மீட்டர்/நொடி. அதைப் பேக்கின் எடையால் பெருக்கினால் உந்தம் கிடைக்கும்: 35 × 0.565 = 19.8 நியூட்டன்-நொடி. தூரத்தை மீட்டரில் போட மறக்காதீர்கள். 22.5 என்றே போட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் விடை வந்தது என்று மலைப்பவர்கள் நிறையப் பேர்.

குத்து விழ வேண்டிய இடம் வெள்ளை டேப்புக்கு ஐந்தாறு செ.மீ. கீழே. அந்த இடத்தில் அடித்தால் கொக்கி உதறாது. பேக்கும் சங்கிலியும் ஒரே கோடாகப் போகும். அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, கிளவுஸ் முகப்பில் கொஞ்சம் கேரம் பவுடர் தடவிக்கொண்டால் அடி எங்கே விழுந்தது என்பது பேக்கில் வெள்ளையாகத் தெரியும். அடித்ததும் பேக் தன்னைத்தானே சுற்றினால் குத்து ஓரத்தில் விழுந்திருக்கிறது. சங்கிலி தொய்ந்து பேக் குதித்தால் குத்து மேல்நோக்கிப் போயிருக்கிறது. இடுப்பில் மடிவது போல் பேக் முறுக்கினால் உயரம் தப்பு. மூன்றையும் கணக்கில் சேர்க்காதீர்கள், மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பேக்கை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தி, அசையாமல் நின்ற பிறகே விட வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும் பேக்கில் எடுத்த அளவுக்கு மதிப்பே இல்லை.

கை வேகம்: போனில் எடுப்பது

இப்போதைய போன்கள் பலவற்றில் நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. ஒரு பிரேமுக்கு 4.2 மில்லி நொடி. ஆனால் சில போன்கள் குறைவாக எடுத்துவிட்டு நடுவில் பிரேம்களைத் தானே இட்டுக்கட்டிக்கொள்ளும். சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு கிரிக்கெட் பந்தைத் தரையிலிருந்து 122.5 செ.மீ. உயரத்தில், பந்தின் அடிப்பக்கத்திலிருந்து அளந்து, பிடித்திருந்து விடுங்கள். அது தரையைத் தொட சரியாக அரை நொடி. உங்கள் வீடியோவில் 120 பிரேம் வர வேண்டும். 60 தான் வந்தால் அந்த போன் 120இல் எடுக்கிறது. 120 வந்தும், பந்து இரண்டு மூன்று பிரேமுக்கு ஒரே இடத்தில் நின்று நின்று போனால் இட்டுக்கட்டிய பிரேம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

போனை ஸ்டாண்டில் வைத்து, குத்து போகும் கோட்டுக்குச் சரி பக்கவாட்டில், 3 மீட்டர் தள்ளி, தோள் உயரத்தில் நிறுத்துங்கள். அளவுகோலுக்கு, 50 செ.மீ. இடைவெளியில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட குச்சி ஒன்றைக் கை போகும் அதே கோட்டில் பிடித்து முதலில் சில நொடி எடுத்துக்கொள்ளுங்கள். சோம்பல்பட்டுப் பின்னால் சுவரில் அளவு வரைந்து வைப்பவர்கள் உண்டு. சுவர் 1 மீட்டர் பின்னால் இருந்தால் அந்த அளவு மூன்றில் ஒரு பங்கு பிசகும். 6 மீட்டர்/நொடியில் வரும் கை 8 என்று காட்டும், பையனும் சந்தோஷப்பட்டுவிடுவான்.

வெளிச்சம் கட்டாயம் இயற்கை வெளிச்சமாக இருக்கட்டும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ட்யூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, 240 பிரேமில் பளிச் பளிச் என்று வரி வரியாக வரும். அதோடு வெளிச்சம் குறைந்தால் கை கலங்கலாக இழுபடும். 8 மீட்டர்/நொடியில் போகும் கை ஒரு முழு பிரேம் நேரத்தில் 3 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். மொட்டை மாடி, திறந்த முற்றம், அல்லது வாசல் பக்கம் பேக் இருக்கும் கிளப் என்றால் காலை ஏழரைக்கு மேல் எடுங்கள்.

மணிக்கட்டில் கிளவுஸின் மேல் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு நிறமான டேப் ஒட்டி, அந்தப் புள்ளியைத் தொடருங்கள். கினோவியா, டிராக்கர் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் கம்ப்யூட்டர் மென்பொருள்கள். புள்ளியைத் தொட்டுக்கொண்டே போனால் வேகத்தைக் காட்டும். அவை இல்லாமலும் முடியும். பேக்கைத் தொடுவதற்கு முந்தைய 30 செ.மீ. தூரத்தைக் கை எத்தனை பிரேமில் கடக்கிறது என்று எண்ணுங்கள். 9 பிரேம் என்றால் 9 ÷ 240 = 0.0375 நொடி, 0.30 ÷ 0.0375 = 8 மீட்டர்/நொடி. துல்லியம் வேண்டும் என்று கடைசி 10 செ.மீ.யை மட்டும் எடுக்காதீர்கள். அது 3 பிரேம்தான். ஒரு பிரேம் மாறிப்போனால் 8 என்பது 6 ஆகவோ 12 ஆகவோ ஆகிவிடும். 30 செ.மீ.யிலும் ஒரு பிரேம் பிசகினால் 8 என்பது 7.2 ஆகவோ 9 ஆகவோ ஆகும். அதனால்தான் ஒரு குத்தை நம்பாமல் ஐந்து எடுக்க வேண்டும்.

ஒட்டியிருக்கும் நேரம்

அதே வீடியோவில், கிளவுஸ் பேக்கைத் தொட்ட பிரேமிலிருந்து விலகிய பிரேம் வரை எண்ணுங்கள். தெறிக்கும் குத்து 4 முதல் 8 பிரேமில் விலகிவிடும். 10ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். 14, 15 என்றால் அது தள்ளல்தான். வாத்தியார்கள் "அடிச்சுட்டு கைய எட்றா" என்று தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான். இங்கே அதை எண்ணிக்கையாகக் காட்ட முடிகிறது. வீடியோவைப் பார்க்கும் பையனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மூன்றையும் சேர்த்துப் படிப்பது

உந்தத்தைக் கை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். மேலே வந்த 19.8ஐ 8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.5 கிலோ. குத்துக்குப் பின்னால் நின்ற எடை என்று இதைச் சொல்லலாம். வெறும் கைமுட்டியும் கிளவுஸும் ஒரு கிலோ கூட வராது. மீதி எல்லாம் முன்கை, தோள், இடுப்பு, பின்காலிலிருந்து வந்து சேர்ந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க, ஆய்வுக்கூடத்தில் எடுத்த இரண்டு அளவுகள். 1985இல் வந்த ஓர் ஆய்வில் பிரிட்டன் ஹெவிவெயிட் பாக்சர் ஃபிராங்க் புருனோவின் குத்தை, உணர்கருவி பொருத்திய ஊசல் இலக்கில் அளந்தார்கள். கை தொடும்போது வேகம் 8.9 மீட்டர்/நொடி, உச்ச விசை 4096 நியூட்டன், அந்த உச்சத்தைத் தொட எடுத்தது 14 மில்லி நொடி. 2005இல் வந்த இன்னொரு ஆய்வில் பல எடைப் பிரிவுகளைச் சேர்ந்த ஏழு ஒலிம்பிக் பாக்சர்களின் சராசரிக் கை வேகம் 9.1 மீட்டர்/நொடி, பின்னால் நின்ற எடை சராசரி 2.9 கிலோ. உங்கள் கணக்கில் 25 மீட்டர்/நொடி என்றோ 12 கிலோ என்றோ வந்தால் சந்தோஷப்பட வேண்டாம், அளவுகோலையோ பேக் எடையையோ திரும்பப் பாருங்கள். உச்ச விசையை நம் பேக்கிலிருந்து கணக்கிட முயலவும் வேண்டாம். அது இலக்கு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும்.

இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதலாமவருக்குப் பேக் மையம் 22.5 செ.மீ., வேகம் 8, ஒட்டியது 6 பிரேம். இரண்டாமவருக்கு 24 செ.மீ., வேகம் 5.5, ஒட்டியது 14 பிரேம். தூரத்தை மட்டும் பார்த்தால் இரண்டாமவர் ஜெயித்தார். அவருடைய உந்தம் 21.1, பின்னால் நின்ற எடை 3.8 கிலோ, எண் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் 14 பிரேம் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ரிங்கில் எதிராளியின் தலை 35 கிலோ பேக் மாதிரி நின்று தள்ளு வாங்காது.

வேகம் நன்றாக இருந்து எடை 1.5 கிலோவுக்கு அருகில் நின்றால் கை மட்டும்தான் போகிறது. பின்கால் குதிகால் திரும்புகிறதா, இடுப்பு கைக்கு முன்னால் கிளம்புகிறதா என்று அதே வீடியோவில் பாருங்கள். எடை இருக்கிறது, வேகம் இல்லை என்றால் பெரும்பாலும் தோள் இறுக்கம். ஆரம்பத்திலேயே முஷ்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குத்துபவருக்குக் கை கனத்துப்போகும்; கடைசி ஒரு சாண் தூரத்தில்தான் முஷ்டி இறுக வேண்டும். கால், இடுப்பு, தோள், பிரேம் எல்லாம் சரியாக இருந்தும் உந்தம் குறைவு என்றால் மட்டுமே பலப் பயிற்சியைப் பற்றிப் பேசுங்கள். எடுத்த எடுப்பில் பையனை பெஞ்ச் பிரஸ்ஸில் படுக்க வைப்பது வேண்டாத வேலை.

சோதனை நாள்

முந்தின நாள் ஸ்பாரிங் (ஆளோடு ஆள் மோதிப் பழகுவது) வேண்டாம். காய்ச்சல், மணிக்கட்டு வலி, எடை இறக்கும் வாரம் இருந்தால் தள்ளிப் போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் புழுக்கத்தில் ஐந்தாவது குத்தே சோர்ந்துவிடும்.

15 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். கயிறு, தோள் சுழற்சி, ஷேடோ (காற்றில் குத்திப் பழகுவது) இரண்டு ரவுண்டு, பேக்கில் பாதிப் பலத்தில் ஒரு ரவுண்டு, பிறகு முக்கால் பலத்தில் ஐந்தாறு குத்து. கையில் நாலரை மீட்டர் பேண்டேஜ் சுற்றுங்கள். மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டியில் மூன்று சுற்றுக்குக் குறையக் கூடாது. முழுப் பலத்தில் அடிக்கும்போது சுண்டுவிரல் பக்க முட்டியில் விழுந்தால் புறங்கை எலும்பு முறியும். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் முதலில் தொட வேண்டும். எல்லோருக்கும் ஒரே கிளவுஸ், 12 அவுன்ஸ், ஒவ்வொரு தடவையும் அதே ஜோடி. 16 அவுன்ஸுக்கு மாறினால் கையில் 100 கிராமுக்கு மேல் ஏறிவிடும், மெத்தையும் தடிக்கும். பழைய அளவோடு ஒப்பிட முடியாது.

நிற்கும் இடத்தைக் கை நீட்டி அளந்து, முன்கால் நுனிக்குத் தரையில் டேப் ஒட்டுங்கள். காலை எடுத்து வைத்து அடிப்பது வேறு சோதனை, இரண்டையும் கலக்காதீர்கள். இடது நேர் குத்து 5, வலது நேர் குத்து 5. ஒவ்வொன்றுக்கும் நடுவில் 45 நொடி ஓய்வு. ஐந்து அளவையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி மூன்றாவதை எழுதிக்கொள்ளுங்கள். அதிகபட்சத்தை எழுதத்தான் மனசு வரும், ஆனால் அது ஒரு தடவை அமைந்த குத்து. பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தையும் குறியுங்கள்.

14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுப் பலச் சோதனை வேண்டாம். வேகத்தை மட்டும், பேக் இல்லாமல், காற்றில் எடுங்கள். காற்றில் முழங்கையை முழுசாக உதறி நீட்டினால் மூட்டு வலிக்கும் என்பதால், எதிரே ஒரு தினத்தந்தித் தாளைத் தொங்கவிட்டு அதைத் தொட்டு நிற்கச் சொல்லலாம்.

கை கிளம்புமுன் உடம்பு சொல்லிவிடுகிறதா

8 மீட்டர்/நொடியில் வரும் குத்தும், வருவதை முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் படாது. இதற்கு இன்னொரு போனின் டார்ச்சை பிரேமுக்குள் தெரியும்படி வைத்து, அடிப்பவர் எதிர்பாராத நேரத்தில் போடுங்கள். வெளிச்சம் வந்த பிரேமிலிருந்து உடம்பில் முதல் அசைவு தெரியும் பிரேம் வரை எதிர்வினை நேரம். 48 பிரேம் என்றால் 200 மில்லி நொடி. முதல் அசைவிலிருந்து பேக்கைத் தொடும் வரை குத்தின் முழு நேரம்.

இந்த இரண்டாவது எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. கை முன்னே நகர 20 பிரேம் ஆகும். அதற்கு முன்னாலேயே முழங்கை வெளியே விரிவது, வலது கை ஒரு அங்குலம் பின்னே இழுபடுவது, தோள் தூக்குவது, கன்னம் உப்புவது என்று 15 பிரேம் போயிருக்கும். அந்த 15 பிரேம், 60 மில்லி நொடிக்கு மேல், எதிராளிக்கு நீங்கள் இலவசமாகக் கொடுத்தது. கை வேகத்தை 8இலிருந்து 9 ஆக்கப் பல மாதம் பிடிக்கும், லாபமோ இரண்டு மூன்று பிரேம்தான். கையைப் பின்னே இழுக்கும் பழக்கத்தை விட்டால் அதை விடப் பல மடங்கு மிச்சமாகும். வேகச் சோதனை செய்யும் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

களைத்த பிறகு

3 நிமிட ரவுண்டு மூன்று முடித்த ஒரு நிமிடத்துக்குள் வலது நேர் குத்தை மூன்று தடவை மறுபடி அளந்து பாருங்கள். 22.5 செ.மீ. 18 ஆகியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. கை வேகம் அப்படியே இருந்து பின்னால் நிற்கும் எடை குறைந்திருந்தால் கால் ஓய்ந்துவிட்டது. வேகமும் சேர்ந்து விழுந்தால் தம் பத்தவில்லை.

ஹுக், உதை, சிலம்பம்

ஹுக்கை பக்கவாட்டுக் கேமராவில் எடுக்க முடியாது. கை வளைந்து வரும். போனை மேலே, ஏணியிலோ சன்ஷேடிலோ கட்டி நேராகக் கீழே பார்க்க வைத்து எடுங்கள். கராத்தே, கிக்பாக்சிங் உதைகளுக்கும் அப்படியே. உதைக்கு 35 கிலோ பேக் போதாது, சங்கிலி தொய்ந்துவிடும்; 50 கிலோவாவது வேண்டும். ஆட்டம் பெரிதாக இருப்பதால் பலகையும் நீளமாக இருக்கட்டும்.

சிலம்பத்தில் கம்பு நுனி வேகம் சுற்றிலிருந்து வரும். நடுவில் பிடித்துச் சுற்றும் 1.5 மீட்டர் கம்பு நொடிக்கு 3 சுற்று சுற்றினால் நுனி 6.28 × 0.75 × 3 = 14 மீட்டர்/நொடி. சுற்றை எண்ண நுனியில் ஒரு பக்கம் மட்டும் டேப் ஒட்டினால் போதும். இரண்டு பக்கமும் ஒட்டினால் இரண்டு மடங்காக எண்ணிவிடுவீர்கள்.

நம்பக் கூடாதவை

பொருட்காட்சியில் பந்தைக் குத்தினால் எண் காட்டும் மெஷினை விளையாட்டாக அடியுங்கள், நோட்டில் எழுதாதீர்கள். அந்த எண்ணுக்கு அலகு கிடையாது. வீசி அடிப்பவருக்குத்தான் அதிகம் காட்டும். போனை கிளவுஸுக்குள்ளோ பேக்கிலோ கட்டி ஆப்பில் அளப்பதும் வேண்டாம். போனுக்குள் இருக்கும் உணர்கருவி குத்தின் அதிர்வுக்கு முன்பே தன் எல்லையைத் தொட்டு நின்றுவிடும். 14 மில்லி நொடியில் வந்துவிடும் உச்சத்தைப் பிடிக்கும் அளவுக்கு வேகமாகவும் பெரும்பாலான போன்கள் அளப்பதில்லை. போன் உடைந்தது மட்டும்தான் மிச்சம்.

நோட்டும் கடற்காற்றும்

ஒரு பக்கத்தில் தேதி, நேரம், உடல் எடை, பேக் எடை, 10 ஆட்ட நேரம், கிளவுஸ், பிறகு கைக்கு ஐந்து வரிசை: தூரம், வேகம், பிரேம். முதல் வாரத்தில் இரண்டு நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுங்கள். இரண்டு நாளில் யாருக்கும் பலம் கூடிவிடாது. அந்த இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சோதனையின் சொந்தப் பிசகு. அது 2 செ.மீ. என்றால், ஒரு மாதம் கழித்து 1 செ.மீ. கூடியதை முன்னேற்றம் என்று எழுதாதீர்கள். நான்கு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்தால் போதும்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கும் கிளப்புகளுக்கு ஒரு வேலை கூடுதல். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி அடைத்த பேக் ஈரத்தை இழுத்துக் கனத்துவிடும். கோடையில் எடுத்த எடையை வைத்து அப்போது கணக்குப் போட்டால் உந்தம் குறைவாகத்தான் வரும். மழை மாதங்களில் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் எடை போடுங்கள். உப்புக்காற்றில் கொக்கியும் சுழல் முனையும் துருப்பிடித்தால் பேக் சீக்கிரம் நின்றுபோகும். ஒரு சாண் இழுத்து விட்டால் பத்தாவது ஆட்டத்திலும் முக்கால் சாண் அளவுக்காவது போய் வர வேண்டும். போகவில்லை என்றால் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் வையுங்கள். சங்கிலி வளையம் எதிலாவது உட்பக்கம் தேய்ந்து மெலிந்திருந்தால் கிரீஸ் வைத்துப் பயனில்லை. அதை மாற்றும் வரை அந்தப் பேக்கில் யாரையும் முழுப் பலத்தில் அடிக்க விடாதீர்கள்.